கையால் செய்த மின் கிற்றார்: பழையதை வாங்குவோர் அறிந்திருக்க வேண்டியவை

இருபதாம் நூற்றாண்டில் பிறந்த இசைக்கருவிகளுள் மின் கிற்றாரைப் போன்று குறுகிய காலத்தில் உலகெங்கும் பரவிய கருவி பிறிதொன்றில்லை எனலாம். 1932 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், வாணலியைப் போன்ற தோற்றமுடைய உலோகக் கருவியொன்று விற்பனைக்கு வந்தது. சந்தையில் வெற்றி கண்ட முதலாவது மின் கிற்றாராகக் கொள்ளப்படுவது அதுவேயாகும். 1950 இல் லியோ பென்டர் என்பவர் திண்ம மரத்தாலான உடலைக் கொண்ட கிற்றாரைத் தொழிற்சாலையில் பெருந்தொகையாக உற்பத்தி செய்யத் தொடங்கினார். அன்று முதல் மின் கிற்றார் என்றாலே தொழிற்சாலைப் பண்டம் என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது.

ஆயினும், தொழிற்சாலைகளுக்கு அருகே மற்றொரு மரபும் தொடர்ந்து வாழ்ந்து வந்துள்ளது. தனியொருவர் அல்லது ஓரிருவர், சிறு பட்டறையொன்றில், வாசிப்பவரின் விருப்பத்தையும் கையமைப்பையும் கேட்டறிந்து ஒரு கருவியைச் செய்து கொடுக்கும் மரபே அது. இவ்வாறு செய்யப்பட்ட கருவிகள் காலப்போக்கில் கைமாறுகின்றன. வாசிப்பவர் இறந்துபோகலாம், அவருக்குப் பணமுடை ஏற்படலாம், அல்லது விருப்பம் மாறிவிடலாம். அப்போது அக்கருவி பழைய பொருளாகச் சந்தைக்கு வருகிறது. அதை வாங்க முனைபவர் தொழிற்சாலைக் கிற்றாரொன்றை வாங்குபவருக்கு இல்லாத சில வாய்ப்புகளையும் சில ஆபத்துகளையும் எதிர்கொள்கின்றார். அவை எவை என்பதை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விலையின் இரு முகங்கள்

தொழிற்சாலைக் கிற்றாரொன்றின் பழைய விலையை அறிவது எளிது. அதே மாதிரியில், அதே ஆண்டில் செய்யப்பட்ட ஆயிரக்கணக்கான கருவிகள் உள்ளமையால் அண்மையில் அவை என்ன விலைக்குப் போயின என்பதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். கையால் செய்த கருவிக்கு அத்தகைய ஒப்பீடு கிடையாது. அதைப் போன்ற இன்னொன்று உலகிலேயே இல்லாதிருக்கலாம். எனவே அதன் விலை, செய்தவரின் பெயர் எவ்வளவு தூரம் அறியப்பட்டது என்பதையே பெரிதும் சார்ந்துள்ளது.

அதிகம் அறியப்படாத கைவினைஞரின் கருவியொன்று, மரமும் வேலைப்பாடும் எவ்வளவு உயர்ந்தனவாக இருப்பினும், முதல் உரிமையாளர் கொடுத்த விலையைவிட மிகக் குறைந்த விலைக்கே பெரும்பாலும் மறுவிற்பனையாகின்றது. முதலீடாகக் கருதி வாங்குபவருக்கு இது நட்டம். வாசிப்பதற்காக வாங்குபவருக்கோ இதைவிட நல்ல வாய்ப்பு இல்லை. ஒருவர் மாதக்கணக்காகச் செதுக்கிய கருவியைச் சாதாரண தொழிற்சாலைக் கருவியின் விலைக்கே அவர் பெற முடியும். ஆகவே, தாம் வாங்குவது வாசிக்கவா, சேர்த்து வைக்கவா என்ற கேள்விக்கு வாங்குபவர் முதலில் தமக்குத்தாமே நேர்மையாக விடை கூறிக்கொள்ள வேண்டும். இவ்விரண்டையும் குழப்பிக்கொள்பவரே அதிகம் ஏமாறுகின்றார்.

செமைற்றிஸ் கூறும் பாடம்

பெயர் அறியப்பட்ட கைவினைஞரின் கருவிக்கு என்ன நேரும் என்பதற்கு இங்கிலாந்தைச் சேர்ந்த ரொனி செமைற்றிஸ் சிறந்த உதாரணமாவார். லித்துவேனிய வழிவந்த குடும்பத்தில் 1935 இல் லண்டனில் பிறந்த இவர், இளமையில் தளபாடத் தச்சுத் தொழிலைப் பயின்றவர். 1960களின் நடுப்பகுதியில் கிற்றார் செய்வதையே முழுநேரத் தொழிலாகக் கொண்டார். மின் கிற்றாரில் எழும் இரைச்சலைத் தணிக்கும் நோக்கத்துடன் கருவியின் முகப்பை உலோகத் தகட்டால் மூடினார். அத்தகட்டில் சித்திர வேலைப்பாடு செய்தவர், வேட்டைத் துப்பாக்கிகளில் அத்தகைய வேலை செய்து பழகிய டனி ஒபிரைன் என்பவராவார். இரைச்சலைத் தடுக்க வந்த தகடு, நாளடைவில் அக்கருவியின் அழகுச் சின்னமாகவே மாறிவிட்டது.

எரிக் கிளப்ரன், ஜோர்ஜ் ஹரிசன், றொனி வூட், கீத் றிச்சர்ட்ஸ் முதலானோர் இவரது கருவிகளை வாசித்தனர். கிளப்ரனுக்காக இவர் செய்த 12 தந்திகளைக் கொண்ட மின்சாரமற்ற கிற்றாரொன்று, 2004 இல் கிறிஸ்ரீஸ் ஏல நிறுவனத்தில் 2 இலட்சத்து 50 ஆயிரம் டொலருக்கும் அதிகமான விலைக்கு விற்கப்பட்டது. செமைற்றிஸ் 2000 ஆம் ஆண்டில் தொழிலிலிருந்து ஓய்வு பெற்று, 2002 இல் காலமானார்.

செய்தவர் மறைந்த பின்னர் அவர் கருவிகளின் விலை உயர்ந்தது. விலை உயர்ந்ததும் போலிகள் பெருகின. செமைற்றிஸின் கருவிகள் ஒன்றைப் போல் ஒன்று இருப்பதில்லை. தொழிற்சாலைப் பதிவேடு எதுவும் இல்லை. எனவே "இது அவர் செய்தது அல்ல" என்று ஒரு பார்வையில் கூறிவிடுவது நிபுணருக்கும் கடினம். இதைவிட மற்றுமொரு குழப்பமும் உண்டு. அவரது மறைவுக்குப் பின்னர் ஜப்பானிய நிறுவனமொன்று முறையான அனுமதியுடன் அதே பெயரில் கிற்றார்களைச் செய்து விற்று வருகின்றது. அவை போலிகள் அல்ல. நேர்மையாகச் செய்யப்படும் நல்ல கருவிகளே. ஆனால் அவை செமைற்றிஸின் கையால் செய்யப்பட்டவையும் அல்ல. தலைப்பகுதியில் உள்ள பெயரை மட்டும் வாசித்துவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுப்பவர், இவ்வேறுபாட்டைப் பின்னரே அறிந்து வருந்த நேரிடும்.

இதிலிருந்து பெறப்படும் விதி தெளிவானது. கையால் செய்த கருவிக்கு அதன் வரலாறே அத்தாட்சியாகும். செய்தவர் எழுதிய கடிதம், முதற் பற்றுச்சீட்டு, வேலை நடந்துகொண்டிருந்தபோது எடுத்த புகைப்படங்கள், முதல் உரிமையாளர் அதை வாசிக்கும் படம் ஆகியவற்றுள் ஒன்றிரண்டாவது இருத்தல் வேண்டும். செய்தவர் உயிருடன் இருப்பாராயின் அவரையே கேட்பது எல்லாவற்றிலும் சிறந்தது. தாம் செய்த கருவிகளுக்குக் குறிப்பேடு வைத்திருக்கும் கைவினைஞர் பலர் உளர். தொடர் எண்ணையும் சில படங்களையும் அனுப்பினால் எந்த மரம், எந்த ஆண்டு, யாருக்காகச் செய்தது என்று அவர்கள் கூறிவிடுவர். விற்பவர் இவ்விசாரணைக்குத் தயங்குவாராயின், அத்தயக்கமே ஓர் எச்சரிக்கையாகும்.

யாருக்கு உரியது?

கருவி உண்மையானது என்று உறுதியான பின்னரும் மற்றொரு கேள்வி எஞ்சியிருக்கிறது. விற்பவருக்கு அதை விற்கும் உரிமை உண்டா என்பதே அது.

அமெரிக்காவின் 'கிரேற்புல் டெட்' இசைக்குழுவின் ஜெரி கார்சியாவுக்காக, கலிபோர்னியாவைச் சேர்ந்த டக் இர்வின் என்ற கைவினைஞர் பல கிற்றார்களைச் செய்து கொடுத்தார். 'ஓநாய்' என்று பெயர் பெற்ற கருவி 1973 இலும், 'புலி' என்று பெயர் பெற்ற கருவி 1979 இலும் கார்சியாவின் கைக்கு வந்தன. ஓநாயின் விலை 1,500 டொலர். புலியின் விலை 5,800 டொலர். புலி பல ஆண்டு கால உழைப்பில் உருவானது. அதன் எடை ஏறத்தாழ 6 கிலோகிராம்.

1995 ஓகஸ்ட்டில் கார்சியா காலமானபோது, இர்வின் செய்த கிற்றார்களை அவருக்கே கொடுத்துவிட வேண்டும் என்று அவரது மரணசாசனம் கூறியது. இசைக்குழுவின் ஏனையோர் அதை ஏற்கவில்லை. அக்கருவிகள் கார்சியாவின் தனிச்சொத்து அல்ல, குழுவின் பொதுச்சொத்து என்று அவர்கள் வாதிட்டனர். வழக்கு இழுபட்டு, 2001 இல் இணக்கப்பாடு ஏற்பட்டது. ஓநாயும் புலியும் இர்வினுக்குக் கிடைத்தன. 2002 மே மாதத்தில் நியூயோர்க்கில் நடந்த ஏலத்தில் ஓநாய் 7 இலட்சத்து 89 ஆயிரத்து 500 டொலருக்கும், புலி 9 இலட்சத்து 57 ஆயிரத்து 500 டொலருக்கும் விற்கப்பட்டன. ஓநாய் 2017 இல் மீண்டும் ஏலத்துக்கு வந்தபோது 19 இலட்சம் டொலரைப் பெற்றது.

பல ஆண்டுகளாக ஒருவரது தோளில் தொங்கிய கருவி அவருடையதே என்றுதான் எவரும் எண்ணுவர். ஆயினும் வாசித்தவர் யார் என்பதும் உரிமையாளர் யார் என்பதும் ஒன்றல்ல என்பதை இவ்வழக்கு உணர்த்தியது. பேரிசைக் கலைஞருக்கு நேர்ந்தது, கலைந்துபோன சிறு இசைக்குழுக்களிலும், பங்கீடு முடியாத குடும்பச் சொத்துகளிலும் அன்றாடம் நேரக்கூடியதே.

களவு போன கருவிகளின் கதை இதனினும் நீண்டது. 1972 இல் லண்டனில் களவு போன போல் மக்கார்ட்னியின் ஹொப்னர் பேஸ் கிற்றார் மீளக் கிடைத்த செய்தி 2024 இல் தான் வெளியானது. 1976 இல் கனடாவில் களவு போன ரண்டி பக்மனின் கிற்றார் ஜப்பானில் கண்டுபிடிக்கப்பட்டு, 2022 இல் அவரிடம் மீண்டது. இடையில் இத்தகைய கருவிகளை வாங்கியோர் எல்லோரும் கள்வர் அல்லர். ஆயினும் தன்னிடம் இல்லாத உரிமையை ஒருவர் பிறருக்கு வழங்க முடியாது என்பது ஆங்கிலச் சட்ட மரபின் பொது விதியாகும். அம்மரபைத் தழுவிய இலங்கையின் பொருள் விற்பனைச் சட்டமும் அவ்வாறே கூறுகின்றது. அறியாமல் வாங்கியவர் பணத்தையும் கருவியையும் ஒருங்கே இழக்கலாம். தனித்தன்மை வாய்ந்த கையால் செய்த கருவியை உரியவர் எத்தனை ஆண்டுகள் கழிந்தாலும் அடையாளங் கண்டுவிடுவார். எனவே, விற்பவரின் பெயர், முகவரி, தொடர் எண், விலை, திகதி ஆகியன அடங்கிய கையொப்பமிட்ட பற்றுச்சீட்டு இன்றி இத்தகைய கருவியை வாங்குதல் தகாது.

கையில் எடுத்துப் பார்க்கும்போது

வீணையின் உறுப்புகளை அறிந்தவருக்குக் கிற்றாரின் உறுப்புகள் புதியன அல்ல. மெட்டு, குதிரை, பிருடை என்பவை இரண்டிலும் உள்ளன. ஆனால் கிற்றாரில் மெட்டுகள் உலோகக் கம்பிகளாக விரற்பலகையில் நேரே பதிக்கப்பட்டிருக்கும்.

முதலில் நோக்க வேண்டியது கழுத்தையே. ஆறு தந்திகளும் இறுக்கப்பட்ட நிலையில் ஏறத்தாழ 45 கிலோகிராம் இழுவிசையைக் கழுத்து இரவு பகலாகத் தாங்கி நிற்கின்றது. இதற்கென அதனுள்ளே இரும்புக் கம்பியொன்று புதைக்கப்பட்டிருக்கும். அதனைத் திருகிக் கழுத்தின் வளைவைச் சீர்செய்யலாம். தந்தியொன்றை முதல் மெட்டிலும் கடைசி மெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திக்கொண்டு, நடுவே ஏழாம் அல்லது எட்டாம் மெட்டுக்கும் தந்திக்கும் இடையிலுள்ள வெளியைப் பார்க்க வேண்டும். தடித்த கடதாசி அளவிலான சிறு வெளி இருப்பது நன்று. அதிக வெளி இருந்தாலும், வெளியே இல்லாமல் தந்தி மெட்டில் படிந்தாலும் சீராக்கம் தேவை. திருகும் கம்பி ஏற்கனவே அதன் எல்லை வரை இறுக்கப்பட்டிருப்பின் அக்கருவியை விட்டுவிடுதலே மேல். தொழிற்சாலைக் கருவியில் கெட்டுப்போன கழுத்தை மாற்ற வேறொரு கழுத்துக் கிடைக்கும். கையால் செய்த கருவியில் அது கிடையாது.

அடுத்து, தலைப்பகுதி கழுத்துடன் சேரும் இடம். தலைப்பகுதி பின்னோக்கிச் சாய்ந்த கருவிகள் கீழே விழுந்தால் முறிவது அவ்விடத்திலேயே. நன்கு ஒட்டப்பட்ட முறிவு வாசிப்புக்கு இடையூறாகாது. ஆனால் சேகரிப்போர் சந்தையில் அது விலையை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்துவிடும். மேற்பூச்சை முற்றாக அகற்றி மீண்டும் பூசிய கருவிக்கும் இதுவே கதி. பழைய மெருகெண்ணெய் புறஊதா ஒளியில் ஒரு நிறமாகவும், பின்னர் பூசியது வேறு நிறமாகவும் தோன்றும். சிறிய புறஊதா விளக்கொன்றை இருட்டறையில் பிடித்துப் பார்த்தால் கண்ணுக்குப் படாத திருத்தங்கள் வெளிப்பட்டுவிடும்.

மூன்றாவதாக, மெட்டுகள். தந்தி அழுந்தும் இடங்களில் பள்ளம் விழுந்திருப்பின் அவற்றைச் சமன் செய்யலாம். மிகத் தேய்ந்திருப்பின் புதிய மெட்டுகள் பதிக்க வேண்டும். அச்செலவைப் பேரம் பேசும்போதே கணக்கில் எடுக்க வேண்டும். ஒவ்வொரு தந்தியையும் ஒவ்வொரு மெட்டிலும் அழுத்தி ஒலிக்கச் செய்து, அதிர்வு கெடும் இடம் உண்டா என்று கேட்க வேண்டும். பின்னர், பன்னிரண்டாம் மெட்டுக்கு மேலே தந்தியை மெல்லத் தொட்டெழுப்பும் ஒலியும் அதே மெட்டில் அழுத்தியெழுப்பும் ஒலியும் ஒரே சுருதியில் அமைகின்றனவா என்று பார்க்க வேண்டும். சிறு வேறுபாட்டைக் குதிரையை நகர்த்திச் சரிசெய்யலாம். குதிரையை எவ்வளவு நகர்த்தியும் சுருதி சேரவில்லையெனின், செய்தவர் அளவில் தவறிவிட்டார் என்பதே பொருள். அனுபவமற்ற கைவினைஞரின் வேலையை இச்சோதனை உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

இறுதியாக, மின் பகுதி. காந்தத்தின் மீது மெல்லிய செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றி அமைக்கப்பட்ட 'பிக்அப்' என்னும் பாகமே தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றுகின்றது. மின்மானி ஒன்றால் அதன் தடையை அளக்கலாம். இரட்டைச் சுருள் கொண்டவற்றில் அது பொதுவாக 7 முதல் 9 கிலோ ஓம் வரை இருக்கும். எண் எதையும் காட்டாவிடின் கம்பி அறுந்துவிட்டது என்று கொள்ளலாம். பின் மூடியைத் திறந்து பற்றாசு வேலையைப் பார்ப்பதும் பயன் தரும். பிற்காலத்தில் பாகங்கள் மாற்றப்பட்டிருப்பின் அது குற்றமல்ல. ஆனால் கழற்றிய பழைய பாகங்கள் எங்கே என்று கேட்க வேண்டும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் ஒரு கருவி நமக்குப் பொருந்தாமற் போகலாம். அது வேறொருவரின் கைக்கு அளவெடுத்துச் செய்யப்பட்டது. கழுத்தின் தடிப்பு, எடை, தோளில் தொங்கும் சமநிலை ஆகிய யாவும் அம்மனிதருக்கு ஏற்றவை. எனவே இருந்து கொண்டும் நின்று கொண்டும் அரைமணி நேரமாவது வாசித்துப் பாராமல் முடிவெடுத்தல் கூடாது.

மரமும் சட்டமும்

எல்லை கடந்து வரும் கிற்றார்களுக்கு இன்னுமொரு சிக்கல் உண்டு. அழியும் அபாயத்திலுள்ள உயிரினங்களின் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் 'சைற்றிஸ்' சர்வதேச உடன்படிக்கை, கைவினைஞர் பெரிதும் விரும்பும் சில மரங்களையும் உள்ளடக்கியுள்ளது. பிரேசிலிய ரோஸ்வுட் மரம் 1992 இல் அவ்வுடன்படிக்கையின் மிகக் கடுமையான முதலாம் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அம்மரத்தாலான விரற்பலகை கொண்ட கிற்றாரை உரிய அனுமதிப் பத்திரங்கள் இன்றி எந்த நாட்டு எல்லையூடாகவும் கொண்டு செல்ல முடியாது. 2017 ஜனவரியில், தென்னிந்தியாவின் ஈட்டி மரம் உட்பட அவ்வினத்தைச் சேர்ந்த மரங்கள் அனைத்தும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரப்பட்டன. இசைக்கலைஞர் பலர் பட்ட சிரமங்களின் பின்னர், 2019 நவம்பர் முதல் முழுமையாகச் செய்து முடிக்கப்பட்ட இசைக்கருவிகளுக்கு இரண்டாம் பட்டியல் மரங்களைப் பொறுத்து விலக்களிக்கப்பட்டது. பிரேசிலிய மரத்துக்கு இவ்விலக்கு இல்லை. பழைய கருவிகளில் காணப்படும் யானைத்தந்தம், ஆமையோடு ஆகியவற்றுக்கும் கடுமையான கட்டுப்பாடு உண்டு.

புகழ்பெற்ற கிப்சன் நிறுவனமே இவ்விடயத்தில் தப்பவில்லை. 2009 இலும் 2011 இலும் அதன் வளாகங்களை அமெரிக்க அதிகாரிகள் சோதனையிட்டனர். மடகஸ்கார் கருங்காலியும் இந்திய ரோஸ்வுட்டும் இறக்குமதி செய்யப்பட்டமை தொடர்பில், 2012 இல் அந்நிறுவனம் 3 இலட்சம் டொலர் தண்டம் செலுத்த இணங்கியது. இலங்கையின் கருங்காலியும் ஒரு காலத்தில் மேலைத்தேய இசைக்கருவிகளின் விரற்பலகைக்கு மிக விரும்பப்பட்ட மரமென்பதை நோக்கும்போது, இக்கட்டுப்பாடுகளின் நியாயம் நமக்கு நன்கு புரியும். கையால் செய்த கருவியில் என்ன மரம் உள்ளது என்பதைச் செய்தவரே அறிவார். அதை எழுத்தில் பெறாமல் வெளிநாட்டிலிருந்து தருவித்தல் விவேகமாகாது.

காலநிலையையும் மறந்துவிடலாகாது. இத்தகைய கருவிக்கு 45 முதல் 55 வீதம் வரையான ஈரப்பதனே உகந்தது. நமது நாட்டின் கரையோரங்களில் அது பெரும்பாலும் இதனைவிட மிக அதிகம். உலர்ந்த நாட்டிலிருந்து வந்த மரம் இங்கு ஈரத்தை உறிஞ்சி உப்பும். கழுத்தின் வளைவு மாறும். கருவி வந்து சேர்ந்ததும் பெட்டியை உடனே திறக்காமல் ஒரு நாள் அப்படியே வைத்திருந்து, பின்னர் சில வாரங்கள் கழித்துத் தேர்ந்த ஒருவரைக் கொண்டு சீர்செய்விப்பது நலம். பெட்டிக்குள் ஈரமுறிஞ்சும் சிறு பொதிகளை இட்டு வைப்பதும் அவசியம்.

விலைக்கு அப்பால்

1963 இல் லண்டனின் புறநகரொன்றில் 16 வயதுச் சிறுவன் ஒருவன், கிற்றார் வாங்கப் பணமில்லாததால் தந்தையுடன் சேர்ந்து ஒன்றைச் செய்யத் தொடங்கினான். பழைய கணப்படுப்பின் சட்டத்திலிருந்து கழுத்து உருவாயிற்று. பழைய மோட்டார் சைக்கிளின் சுருள்வில்களும், தாயின் தையற் பெட்டியிலிருந்த முத்துச்சிப்பிப் பொத்தான்களும் அதில் இடம்பெற்றன. 'குயின்' இசைக்குழுவின் பிரயன் மே என உலகம் பின்னர் அறிந்தவர் அவரே. அக்கருவியையே அவர் தம் வாழ்நாள் முழுவதும் வாசித்து வந்துள்ளார்.

கையால் செய்த கருவி எதற்காகப் பேணப்பட வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாகக் கூறுதல் அரிது. அதன் பெறுமதி மரத்திலோ உலோகத்திலோ இல்லை. இன்னார் இன்னாருக்காகச் செய்தது என்ற உறவிலேயே உள்ளது. பழைய கருவியை வாங்குபவர் அவ்வுறவின் அடுத்த கண்ணியாகின்றார். பற்றுச்சீட்டையும் கடிதங்களையும் கழற்றிய பாகங்களையும் கருவியுடன் சேர்த்துப் பாதுகாத்து, தமக்குப் பின்னர் அதை ஏந்தப் போகின்றவரிடம் குறைவின்றிக் கையளிப்பது அவரது கடமையாகும். விசாரிக்காமல் வாங்குபவரும் விபரங்களை மறைத்து விற்பவரும் அச்சங்கிலியை அறுத்துவிடுகின்றனர். அவ்வாறு அறுந்த பின்னர், அக்கருவி எவ்வளவு இனிமையாக ஒலித்தாலும், அதைச் செய்தவர் யாரென்பதை எவராலும் உறுதியாகக் கூற முடியாமற் போய்விடும்.